ராமையா பெட்டி

வளைகுடாவில் பெட்டி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஊருக்குப் போகிறவன் கட்டுவது ஒன்று. அட்டைப்பெட்டி, நைலான் கயிறு, உள்ளே டேங் பவுடரும் கோடாலித் தைலமும் பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும். ஊருக்கு அனுப்பப்படுகிறவன் படுத்துக்கொள்வது இன்னொன்று. பஹ்ரைனில் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே உமாராணி இதைத் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து அப்பாவிடம் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியோட போப்பா. பெட்டியில போகாத."

ராமையா சிரிப்பார். "அடுத்த வருசம் போவம் ஆத்தா."

அடுத்த வருஷம் என்பது அவருக்கு ஒரு ஊர் மாதிரி. எப்போது கேட்டாலும் அங்கேதான் போகப்போகிறார். உமாராணி ஏழாம் வகுப்புப் படிக்கும்போது காளையார்கோவில் பக்கத்திலிருந்து கிளம்பி வந்த தச்சர். கண்காட்சிகளுக்கு மேடையும் தடுப்பும் அடிக்கிற கம்பெனியில் வேலை, சல்மாபாத் கேம்ப்பில் படுக்கை. மகள் படிக்கட்டும் என்று இருந்தார். மகள் படித்தாள். அவர்கள் வீட்டில் பட்டம் வாங்கின முதல் ஆள் அவள்தான். பி.காம் முடித்த கையோடு மனாமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் பார்க்க வந்து சேர்ந்தாள். வந்தது ஒரே காரணத்துக்காக: இனி நான் சம்பாதிக்கிறேன், நீ வீட்டுக்குப் போ.

அங்கேதான் கணக்கு தப்பிப்போனது. "நீ இங்க தனியா இருக்கையில ஒன்ன விட்டுட்டு எப்புடி ஆத்தா போறது?" என்று ராமையா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரை அனுப்ப வந்தவளையே அவர் போகாததற்குக் காரணமாக்கிவிட்டார். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஏணியில் நின்றிருந்தபோது சட்டை நனைய வியர்த்து, கீழே இறங்கி, பலகைக் கட்டின் மேல் சாய்ந்துவிட்டார். கிளினிக்கில் டாக்டர் நெஞ்சைக் காட்டி ஏதோ சொன்னார். ராமையா வயிற்றைக் காட்டி, "கேசு ஆத்தா, கேசு," என்றார். அன்றிலிருந்து உமாராணி வெள்ளிக்கிழமை தவறாமல் ஃபோர்மேன் சேதுபதிக்குப் போன் போட்டுக் கத்துவாள். "எங்கப்பாவ ஏணியில ஏத்துனீங்கன்னா நான் அங்க வந்து ஒங்கள ஏத்துவேன்." சேதுபதிக்கு அவள் நம்பர் மனப்பாடம். அவர் பயத்தில் மனப்பாடம் செய்த ஒரே நம்பர் அதுவாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு மதியம் ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ராமையான்னு ஒருத்தர்... அவருக்கு நீங்க என்ன வேணும்?" ஆண்குரல். ரொம்ப மெதுவாகப் பேசியது.

"மக. நீங்க யாரு?"

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "மகளா... நான் லுக்மான், கார்கோவுலேர்ந்து பேசுறேன். முஹர்ரக்ல, ஏர்போர்ட் பக்கத்துல. ராமையா பெட்டி இங்க இருக்கு தங்கச்சி."

"என்ன பெட்டி?"

"பெட்டிதான்மா."

அந்த 'தான்மா'வில் எல்லாம் இருந்தது.

"தனியா வராதீங்க. ஆம்பளையாளு யாரையாவது கூட்டிட்டு வாங்க. அவரு பாஸ்போர்ட் காப்பி இருந்தா எடுத்துக்குங்க. அவசரப்படாதீங்க, பெட்டி எங்கயும் போயிடாது."

டப்பா கையிலிருந்து விழுந்து சிங்க்கில் உருண்டது. அப்பாவின் போன் அணைந்திருந்தது. அது எப்போதும் அணைந்துதான் இருக்கும், பேட்டரி தேய்ந்துவிடுமாம். சேதுபதியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்க மாட்டான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எடுப்பான்?

மேனேஜர் சீதாராமனிடம் போய், "எங்கப்பா செத்துட்டாரு. நான் போகணும்," என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவளுக்கே கேட்டது.

சீதாராமன் எழுந்து நின்றுவிட்டார். மயிலாப்பூர்க்காரர், மென்மையான மனிதர். "அடடா... அடடா... ஐயாம் ஸோ சாரிம்மா. நீ கெளம்பு, உடனே கெளம்பு." அவள் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து, "அந்த லீவ் ஃபார்ம் மட்டும் டேபிள்ல வச்சிட்டுப் போயிடும்மா," என்றார்.

உமாராணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "நானே போட்டுக்கறேன்," என்றார் சீதாராமன்.

டாக்சி பாலத்தின் மேல் ஏறியது. இரண்டு பக்கமும் கடல் வெயிலில் தகரம் போலப் பளபளத்தது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எத்தனை தடவை சொன்னேன். கேசு, கேசு என்று என் வாயை அடைத்தாயே. காலையில் செத்தாயா, நேற்றே செத்தாயா, அதுகூட எனக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்த பிறகு ஒரு கார்கோக்காரன் சொல்லித் தெரிகிறது. அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? ஊரில் நாகவள்ளி இந்நேரம் ரேஷன் கடையில் நிற்பாள். பக்கத்து வீட்டுப் போனுக்கு அடிக்க வேண்டும். "அம்மா, அப்பா வர்றாரு" என்று தொடங்கினால் சந்தோஷப்பட்டுவிடுவாள்.

ஆம்பளையாள் யாரையும் கூட்டிப்போகவில்லை. அவளுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே ஆம்பளையாள் அவர்தான்.

லுக்மான் வாசலிலேயே காத்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், கீழக்கரைக்காரன், கழுத்தில் கம்பெனி அட்டை. அவள் தனியாக இறங்குவதைப் பார்த்து அவன் முகம் வாடியது. உள்ளே குளுகுளுவென்று இருந்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தான். டீ கொடுத்தான், டிஷ்யூ டப்பாவைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான். இதெல்லாம் அவனுக்குப் பழக்கப்பட்ட வேலை என்று தெரிந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"எப்படி மவுத்... எப்படிம்மா ஆச்சு?"

"நீங்கதான் சொல்லணும். எனக்கு ஒங்க போன்தான் முதல் சேதி."

"யா அல்லா. கம்பெனியில சொல்லவே இல்லையா?" அவன் தலையில் அடித்துக்கொண்டான். "நான் ரெண்டு மணி ஷிஃப்டுக்குத்தான் வந்தேன். முன்னால இருந்தவன் கேட்பாஸை வச்சிட்டுப் போயிட்டான். இந்தாங்க."

சேதுபதியின் கோழிக்கிறுக்கல். ஆங்கிலத்தில் 'காஃபின், ஒன்று' என்று எழுதி, அதற்கு நேராக 'ராமையா'. கீழே அவள் செல் நம்பர். அவ்வளவுதான். ஒரு மனுஷன் இத்தனை வருஷம் உழைத்ததற்கு ஒன்றரை வரி.

அறையின் மூலையில் ஒரு பெட்டி கிடந்தது. மெல்லிய பிளைவுட், ஓரங்களில் கட்டுக்கம்பி. மேலே நீல மார்க்கரில் 'ஐயப்பன்', கீழே ஊர்ப் பெயர், பாதி அழிந்திருந்தது.

"அது வேற ஆளு," என்றான் லுக்மான் அவசரமாக. "ராத்திரி ஃபிளைட். உங்கப்பா உள்ரூம்ல இருக்காரு. நல்ல கம்பெனிம்மா, குறை சொல்லக்கூடாது. எம்புட்டோ பெட்டி பாத்திருக்கேன், இந்த மாதிரி பாத்ததில்லை. ஃப்ரீசருக்குள்ள வைக்கலாம்னா கதவுல நுழைய மாட்டேங்குது, அம்புட்டுப் பெருசு. அதான் ஏசியைக் கூட்டி வச்சிருக்கேன்."

உள்ரூமில் நின்றிருந்தது பெட்டி இல்லை, ஒரு குட்டி வீடு. வழவழப்பான கனத்த மரம், எஃகுப் பூட்டுகள். சாய்த்தால் நிறம் மாறுகிற ஸ்டிக்கர், குலுக்கினால் நிறம் மாறுகிற ஸ்டிக்கர், சூட்டை அளக்கிற சின்ன மீட்டர். உமாராணிக்கு உச்சந்தலையில் சுள்ளென்று ஏறியது. உயிரோடு இருந்தவரை ஹெல்மெட் கேட்டால் 'புக்ரா, புக்ரா' என்று நாளைக்குத் தள்ளினார்கள். செத்த பிறகு சூடு அளக்க மீட்டர்!

"முகம் பாக்குறீங்களா? கஸ்டம்ஸ்ல மேல் மூடியத் தொறந்துட்டுச் சும்மா வச்சிருக்காங்க. நான் பாக்கலை. எனக்கு மனசு வராது."

அவள் தலையசைத்தாள். லுக்மான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியை நகர்த்தினான். வெள்ளை வெளேரென்று மெல்லிய தாள். அதை அவளே விலக்கினாள்.

மஞ்சள் முகம். காது வரைக்கும் மையெழுதிய பெரிய பெரிய கண்கள். நீலப் பட்டையடித்த தலைமுடி தோளுக்கு இறங்கியிருந்தது. தாடையில் பின்னிய தாடி. நெஞ்சுக்குக் கீழே இறக்கை விரித்த ஒரு பெண்ணும், பருந்தும், வண்டும், வரிசை வரிசையாக எழுத்தும். சிவப்பும் பச்சையும் நேற்றுப் பூசியது போல இருந்தன. உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வேறு.

உமாராணி வெகுநேரம் பார்த்தாள்.

"இது எங்கப்பா இல்ல," என்றாள்.

லுக்மான் திரும்பாமலே, "நிச்சயமாத் தெரியுமா தங்கச்சி? மருந்து போட்டா முகம் கொஞ்சம் மாறும்," என்றான்.

"தாடி பின்னியிருக்குங்க!"

அவன் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடவில்லை.

அதே நேரம் கதவு படாரென்று திறந்தது. வெள்ளை அங்கியில் வியர்த்து விறுவிறுத்து ஒரு பஹ்ரைனி இளைஞன் நின்றான். கண்காட்சி நடத்துகிறவர்களின் ஆள், மக்தூம் என்று பெயர். அரைமணி நேரமாக இறக்குமதி ஷெட்டையே புரட்டிப்போட்டுத் தேடியிருக்கிறான். பெட்டியைக் கண்டதும் சுவரோடு சரிந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அல்ஹம்துலில்லா! என் வேலை கலாஸ் என்று நினைத்தேன்," என்றான் ஆங்கிலத்தில். எழுந்து போய் மீட்டரைப் பார்த்தான், ஸ்டிக்கர்களைப் பார்த்தான், வண்ணத்தை மூக்கு படுகிற தூரத்தில் குனிந்து பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் அவன் கண்ணில் உமாராணியும், அவள் கையிலிருந்த டிஷ்யூவும் பட்டன.

"நீங்கள் ஏன் அழுகிறீர்கள்? இந்த எகிப்துக்காரர் செத்து மூவாயிரம் வருஷம் ஆகிறதே."

"ராமையா எங்கே?" என்றாள் அவள்.

"ராமையாவா? பெட்டியை எடுத்துப்போக வந்த கார்பெண்டர்தானே? லாரியோடு பின்பக்கம் நிற்கிறார். அவர் பெயரில்தான் கேட்பாஸ்."

லுக்மான் கேட்பாஸைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "தங்கச்சி," என்று தொடங்கினான். கேட்பதற்கு அவள் அங்கே இல்லை.

பின்பக்கம் வெயில் கண்ணைக் கூசவைத்தது. வரிசையாக லாரிகள். மூன்றாவது லாரியின் முன்சீட்டில் ஒரு ஆள் மல்லாக்கப் படுத்திருந்தார், முகத்தின் மேல் துண்டு போட்டிருந்தது. கால்கள் கதவுக்கு வெளியே நீண்டிருந்தன. இடது காலில் கட்டைவிரல் நகம் கருத்த, அவளுக்கு நன்றாகத் தெரிந்த கால். அசைவில்லை.

அந்தப் பத்தடி தூரத்தை எப்படிக் கடந்தாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கு நினைவு வரவில்லை. துண்டைப் பிடித்து இழுத்தாள்.

ராமையா கண்ணைச் சுருக்கிக்கொண்டு விழித்தார். "என்னாத்தா, இங்கிட்டு வந்திருக்க? டூட்டி இல்லையா?"

"நீ செத்துட்டப்பா!"

"யாரு சொன்னா?"

அவள் துண்டாலேயே அவரை அடித்தாள். தோளில், கையில், வயிற்றில். "போன எதுக்கு வாங்குன? அணைச்சு வைக்கவா? போன எதுக்குய்யா வாங்குன?" அடித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சிரிப்பும் வந்தது. ராமையா முதலில் தடுத்துப் பார்த்தார். பிறகு சும்மா வாங்கிக்கொண்டார். டிரைவர் பட்டான் பாய், "க்யா ஹுவா பாய்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மரியாதையாக இறங்கி அந்தப் பக்கம் போய்விட்டார்.

லுக்மான் மூச்சிரைக்க ஓடிவந்தான். ராமையாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "மாஷா அல்லா," என்றான். பிறகு சங்கடத்தோடு, "மாமா, ஒரு சின்ன வேலை. ஒங்க பேரைச் சிஸ்டத்துல ஏத்திட்டேன். செத்தவங்க பக்கத்துல. எடுக்கணும்னா நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போடணும்."

"எதுக்கு?"

"நீங்க சாகலைன்னு."

"நான் நிக்கிறது பத்தாதா?"

"சிஸ்டத்துக்குத் தெரியாதுல்ல மாமா."

அப்பாவும் மகளும் அந்தக் குளிரறைக்கு வந்தார்கள். 'இறந்தவர் நான் அல்ல' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்த தாளில் ராமையா தமிழில் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். "காப்பி ஒண்ணு குடு தம்பி. ஒங்க அத்தைக்கிட்டக் காட்டணும். நம்ப மாட்டா," என்றார். லுக்மான் சிரித்தான். உள்ளே மக்தூம் அழைத்துப்போய்க் காட்டியபோது வண்ணத்தைப் பார்த்து, "ஏசியன் பெயிண்டா இருக்குமோ?" என்று கேட்டு மகளிடம் இன்னொரு அடி வாங்கினார்.

"இவர் ராஜா எல்லாம் இல்லை," என்று மக்தூம் உமாராணியிடம் சொன்னான். "கோயில் தானியக் கிடங்கில் கணக்கு எழுதினவர்."

"அப்ப நம்ம ஜாதி," என்றாள் அக்கவுண்ட்ஸ் உமாராணி.

"அதோ, அந்த வரிசை பூராவும் அவர் பெயர்தான். மேலே, கீழே, பக்கத்தில், திரும்பத் திரும்ப. செத்த பிறகு போகிற வழியில் யாரென்று தெரியாமல் போய்விடக் கூடாதாம்."

அவள் மொழிபெயர்த்துச் சொன்னாள். ராமையாவின் கண் முன்னறையின் மூலைக்குப் போயிருந்தது. நடந்து போய் அந்தப் பிளைவுட் பெட்டியின் முன்னால் நின்றார். பாதி அழிந்த மார்க்கர் எழுத்தைக் குனிந்து படித்தார்.

"இவருக்கு யாரு வந்தாக?"

"யாரும் வரலை மாமா. கம்பெனி ஆளு ஒருத்தர் வந்து சைன் பண்ணிட்டுப் போனாரு."

ராமையா பெட்டியின் ஓரத்துக் கட்டுக்கம்பியை விரலால் தடவினார். பிறகு அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார். அதில் ஆறிப்போன டீயும் டிஷ்யூ டப்பாவும் அப்படியே இருந்தன.

"இங்கதான் ஒக்காந்திருந்தியா ஆத்தா?"

"ஆமா."

"கூட யாரு வந்தா?"

"யாரு வருவா? எனக்கு இங்க ஒன்ன விட்டா யாரு இருக்கா?"

எத்தனையோ தடவை அவள் கத்திச் சொன்ன விஷயம்தான். இந்தத் தடவை அவள் கத்தவில்லை. ராமையா கைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நாலு பேரோடு சேர்ந்து எகிப்துக்காரரை லாரியில் ஏற்றினார். ஏற்றி முடித்து, மூடிக்கு மேல் ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

"நல்ல அட்டைப்பெட்டியா ஒண்ணு பாரு ஆத்தா. டிவி பெட்டி கெடைச்சா தேவல."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பெட்டி கட்டத்தான். நீ தனியா இருக்கன்னு நான் இங்க கெடக்கேன். கெடந்து, ஒன்னத் தனியா அந்த நாற்காலியில ஒக்கார வைக்கவா? ஊர்ல இருக்கையில நெஞ்சு வலிச்சா ஒங்க ஆத்தா பாத்துக்கிருவா."

"நெஞ்சா? கேசுன்னு சொன்ன?"

ராமையா லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த மாசமே விசா கேன்சல் போட்டார்கள். சேதுபதி ஒரு வார்த்தை முனகவில்லை. ராமையா போன் அணைந்தே கிடக்கும் என்று கேட்பாஸில் அவள் நம்பரை எழுதிவைத்ததற்கு உமாராணி அவரிடம் பேசிய பேச்சுக்குப் பிறகு அவர் முனகுகிற நிலையில் இல்லை. கடைசி வெள்ளிக்கிழமை சல்மாபாத் கேம்ப் வாசலில் உட்கார்ந்து டிவி பெட்டியைக் கட்டினார்கள். டேங், தைலம், நாகவள்ளிக்கு ஒரு போர்வை, யாருக்கென்று தெரியாத மூன்று டார்ச் லைட். ராமையா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். உமாராணி புதுசாக வாங்கிவந்த கறுப்பு மார்க்கரை எடுத்தாள்.

மேலே எழுதினாள்: ராமையா, காளையார்கோவில், வழி மதுரை. நாலு பக்கமும் எழுதினாள். பிறகு, "தூக்குப்பா," என்று பெட்டியைக் கவிழ்க்கச் சொன்னாள்.

"அடியில எதுக்கு? யாரு அங்கிட்டுப் பாப்பா?"

"பேசாம தூக்கு."

தூக்கினார். அவள் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்து, எழுத்து அழியாதபடி ஒவ்வொன்றையும் இரண்டு முறை அழுத்தி எழுதினாள்.

ஏர்போர்ட்டில் எடை போடும் இடத்தில் இருந்த மலையாளிப் பெண் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது யாருட பெட்டி?"

"என்னுது," என்றார் ராமையா, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல அத்தனை சத்தமாக. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற உமாராணிக்கும் அது கேட்டது. பெட்டி பெல்ட்டில் ஆடி ஆடிப் போய்த் திரைக்குள் நுழைந்தது. அவர் திரும்பிப் பார்த்து, போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினார். ஆன் பண்ணியிருந்தார்.